பேச்சு வெளியே போகாத இரண்டு அறைகள்: கொக்குவில் பட்டறையில் அடித்த பார்ட்டிஷன்

யாழ்ப்பாணத்தில் பார்ட்டிஷன் அடிக்க ஆள் தேடுகிறவர்களுக்கு முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கொக்குவிலில், காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிற சின்னப் பட்டறை எனக்கு இரண்டு அறைகள் அடித்துத் தந்தது. உள்ளே இருவர் வழக்கமான குரலில் கதைத்தால் வெளியே இருப்பவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. வேலை சுணங்கியது. ஒரு கதவு நிலை மழைக்கு ஊதியது. இரண்டையும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனாலும் இன்னொரு அறை அடிக்க வேண்டி வந்தால் அவர்களிடம்தான் போவேன். கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று முதலாளி அண்ணை கேட்டுக்கொண்டார். கையில் இருக்கிற வேலைக்கே ஆள் போதாதாம். அதனால் இடத்தை மட்டும் சொல்கிறேன்.

நான் உளவளத்துணை செய்கிறவள். நல்லூரில் பழைய ஓட்டு வீடொன்றின் முன்பகுதியை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். முன்னால் விறாந்தை, அதற்குப் பின் 26 அடி நீளமும் 15 அடி அகலமுமான ஹோல், பக்கத்தில் ஒரு குளியலறை. வீட்டுக்காரர் பின்பக்கம் இருக்கிறார்கள். ஹோலின் ஒரு தலைப்பில் எனக்கு ஒரு அறை, மறு தலைப்பில் பிள்ளைகளோடு வேலை செய்கிற என் தோழிக்கு ஒரு அறை, நடுவில் ஆட்கள் வந்து இருக்க ஒரு துண்டு இடம். கேட்டது இவ்வளவுதான்.

என்னிடம் வருகிறவர் சொல்வதை நடுத்துண்டில் கதிரை போட்டு இருக்கிறவர் கேட்டுவிட்டால் என் தொழில் அங்கேயே முடிந்தது. யாழ்ப்பாணம் சின்ன ஊர். வெளியே காத்திருக்கிறவர் உள்ளே இருக்கிறவருக்கு மச்சாளாக இருக்கலாம், பிள்ளையின் ரியூசன் வாத்தியாராக இருக்கலாம், கல்யாணம் பேசி வந்த வீட்டின் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். ஒரு தடவை வெளியே கேட்டது என்று தெரிந்தால் அந்த ஆள் திரும்பி வரமாட்டார். வேறு யாரிடமும் போகவும் மாட்டார். அதுதான் எனக்குப் பெரிய பயம்.

இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1995 ஒக்ரோபர் 30 அன்று போரால் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தபோது நாங்களும் நடந்தோம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பல குடும்பங்களோடு தங்கினோம். வாங்குகளை அடுக்கி, சன்னல் கம்பியிலிருந்து கயிறு இழுத்து, அம்மா தன் சீலையைத் தொங்கவிட்டார். உடுப்பு மாற்ற, படுக்க, அது போதும். ஆனால் சீலைக்கு அந்தப் பக்கம் ஒரு தாய் தன் மகனை நினைத்து இரவிரவாக அழுவார். எங்களுக்குக் கேட்கிறது என்று அவருக்கும் தெரியும். அதனால் சீலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு அழுவார். மனிதருக்கு அழுவதற்கு ஒரு சுவர் வேண்டும் என்று நான் நினைப்பது அங்கே தொடங்கியது.

சரி, பட்டறைக்கு வருவோம்.

கொக்குவிலுக்குப் போவதற்கு முன் நகரத்துக்குள் சில இடங்களில் விசாரித்தேன். எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே பதில். அலுமினியச் சட்டம், இடுப்பளவுக்கு மெலமின் பலகை, மேலே 5 மில்லிமீற்றர் கண்ணாடி, 7 அடி உயரம். சதுர அடிக்கு இவ்வளவு என்று ரெலிபோனிலேயே சொல்லிவிடுகிறார்கள். பார்க்க வடிவாகத்தான் இருக்கும். கடைகளில், கணக்காளர் அலுவலகங்களில், தனியார் வைத்தியர் பார்க்கிற இடங்களில் எல்லாம் அதுதான் நிற்கிறது. சத்தம் போகாதா என்று கேட்டபோது, ஒரு இடத்தில் நடுவில் ரெஜிபோம், அதாவது பாரமில்லாத வெள்ளை நுரைத் தகடு, வைத்துத் தருகிறோம் என்றார்கள். ரெஜிபோம் சத்தத்தை மறிக்காது. சத்தத்தை மறிப்பது பாரம். 12.5 மில்லிமீற்றர் ஜிப்சம் தகடு ஒன்று, 8க்கு 4 அடி அளவில், 25 கிலோவுக்குக் கிட்ட வரும். அதே அளவு ரெஜிபோம் தகட்டை ஒரு விரலால் தூக்கலாம். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் சத்தம் போகாது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது அறைக்குள் எதிரொலியைச் சற்றுக் குறைக்கும், அவ்வளவுதான். வெளியே போகிற பேச்சு போய்க்கொண்டுதான் இருக்கும்.

கொக்குவில் அண்ணை ரெலிபோனில் விலை சொல்லவில்லை. இடத்தைப் பார்க்காமல் சொல்லமாட்டேன் என்றார். வந்து ஹோலின் நடுவில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார், பிறகு கேட்டார்:

“பிள்ளை, உங்களுக்கு இதிலை என்னத்தை மறிக்க வேணும்? கண்ணையோ, காலையோ, காதையோ?”

எனக்கு அந்தக் கேள்வியிலேயே மனம் விழுந்துவிட்டது. அவர் விளக்கிச் சொன்னதையும் எழுதுகிறேன், ஏனென்றால் பார்ட்டிஷன் என்று போய்க் கேட்கிற எல்லோருக்கும் இது வேண்டும். வருகிறவர் ஒவ்வொருவரும் மனதில் ஒவ்வொன்றை வைத்துக்கொண்டு பார்ட்டிஷன் என்ற ஒரே சொல்லைச் சொல்கிறார்கள். வேலை முடிந்த பிறகு சண்டை வருவது அதனால்தான் என்கிறார். ஆகவே அவருடைய விலைக் கடிதத்தில் அந்தச் சொல்லே இல்லை. மறைப்பு, தடுப்பு, அறை என்று மூன்றாகப் பிரித்து எழுதுகிறார். மறைப்பு என்றால் கண்ணுக்கு மட்டும்: தட்டி, திரை, மடக்கி வைக்கிற பலகை, நிலத்தில் முட்டவும் தேவையில்லை. தடுப்பு என்றால் நிலத்திலிருந்து 7 அடி, கதவும் பூட்டும் உண்டு, மேலே திறந்தபடி. ஆள் உள்ளே போகமுடியாது, பேச்சு தாராளமாகப் போகும். அறை என்றால் நிலத்திலிருந்து கூரைவரை, மேலுக்கு மூடி, கதவுக்குச் சுற்றிவர றப்பர். ஒவ்வொன்றுக்கும் எதிரே எது மறிபடும், எது மறிபடாது என்று ஒரு வரி. கீழே நாம் கையொப்பம் இட வேண்டும்.

அலுவலகங்களில் மேசைக்கு மேசை நிற்கிற கியூபிக்கிளைக் ‘கூடு’ என்கிறார். அதையும் அடித்துக் கொடுக்கிறார். கியூபிக்கிள் என்பது படுக்கையறையைக் குறிக்கிற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இன்று நாம் அலுவலகங்களில் காணுகிற வகைக்கு வழி காட்டியது ரொபர்ட் புரோப்ஸ்ட் என்பவர் ஹேர்மன் மில்லர் நிறுவனத்துக்காக வடிவமைத்து 1968இல் வெளிவந்த தளபாடத் தொகுதி. வேலை செய்கிறவர் தன் இடத்தைத் தானே மாற்றி அமைக்கலாம் என்பது அவருடைய எண்ணம். நிறுவனங்கள் வாங்கி, குறைந்த இடத்தில் நிறைய ஆட்களை இருத்துவதற்குப் பயன்படுத்தின. அழைப்பு நிலையத்துக்கோ கணினி வகுப்புக்கோ கூடு சரி. மனம் விட்டுப் பேசுகிற இடத்துக்கு அது உதவாது, அண்ணையே அப்படித்தான் சொன்னார்.

எனக்கு வேண்டியது அறை. ஓட்டு வீட்டில் அறை அடிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கொங்கிறீட் சிலாப் போட்ட வீடென்றால் சுவரைச் சிலாப்வரை கொண்டுபோய் முட்டினால் மேல்பக்கம் சரி. ஓட்டுக் கூரையில் அப்படி முட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கைமரமும் சலாகையும் ஓடும்தான். எங்கள் ஹோலுக்குக் கீழே ஒரு சீலிங் அடித்திருந்தது. அதுவரை சுவரை எழுப்பி நிறுத்தினால் பேச்சு சீலிங்குக்குள்ளால் ஏறி, கூரைக்குக் கீழே உள்ள வெற்றிடத்தால் போய், அடுத்த அறைக்குள் இறங்கும். பல இடங்களில் நல்ல தடிப்பான சுவர் அடித்தும் பயன் இல்லாமல் போவது இதனால்தான். அதற்கு அவர் சொன்ன வழி: இரண்டு அறைக்கும் தனித்தனி மூடி. சுவரைச் சீலிங் மட்டத்துக்கு மேலே எழுப்பி, ஒவ்வொரு அறைக்கும் இரட்டை ஜிப்சம் தகட்டில் சொந்தக் கூரை போட்டு, அதன்மேல் கிளாஸ் வூல் எனும் கண்ணாடிப் பஞ்சை விரிப்பது. இதனால் பின்னேர வெக்கையும் குறைந்தது. சித்திரையில் ஓட்டுக்குக் கீழே இருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அந்தப் பழைய சீலிங் அஸ்பெஸ்டஸ் தட்டைச் சீற். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கிரைண்டரை எடுத்து அஸ்பெஸ்டஸை வெட்டுவது சர்வசாதாரணம். வெள்ளைத் தூசு பறக்கும், வேலைப் பெடியள் வாயில் துணிகூடக் கட்டாமல் நிற்பார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகை அஸ்பெஸ்டஸையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நார் நெஞ்சுக்குள் போய், நோய் வெளியே தெரியப் பத்துக் கணக்கில் ஆண்டுகள் ஆகும். இந்த ஆட்கள் ஒரு சீற்றையும் வெட்டவில்லை. வீட்டுக்காரரின் சம்மதத்தோடு, தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுத் தகடாக இறக்கி, பொலித்தீனில் சுற்றினார்கள். முகக்கவசம் போட்டிருந்தார்கள். சின்னப் பட்டறை ஒன்றில் இந்தக் கவனத்தைக் கண்டது எனக்குப் பெரிய ஆறுதல். வேலைக்கு வந்த தம்பிமாரில் ஒருவருக்கு என் மகனின் வயதுதான் இருக்கும்.

சுவர் இப்படி: இரும்புத் தகட்டில் மடித்த சனலும் (ஓரச் சட்டம்) ஸ்டட்டும் (நிற்கிற சட்டம்), இரண்டு பக்கமும் இரண்டிரண்டு ஜிப்சம் தகடு, நடுவில் கிளாஸ் வூல். மரச்சட்டம் போடவில்லை, இங்கே கறையானுக்குத் தீனி போட்டதாகிவிடும். முதல் தகட்டின் மூட்டு வருகிற இடத்தில் இரண்டாவது தகட்டின் மூட்டு வராமல் தள்ளித் தள்ளி அடித்தார்கள். அடித்தகடு நிலத்தில் முட்டாமல் சற்று உயரத்தில் நிற்கிறது. ஜிப்சம் தண்ணீரை உறிஞ்சும், நிலம் துடைக்கிற தண்ணீரே போதும் அதைக் கெடுக்க. அந்த இடைவெளி முழுக்க நெகிழ்கிற பசை. ஒரு பக்கத்துச் சுவிட்ச் பெட்டிக்கு நேர் பின்னால் மறுபக்கத்துப் பெட்டி வராமல் தள்ளி வைத்தார்கள். நான் புத்தகத் தட்டு மாட்டப்போகிற இடத்தை முன்னரே கேட்டு, தகட்டுக்குப் பின்னால் பிளைவூட் கொடுத்தார்கள். இல்லையென்றால் ஜிப்சத்தில் பாரம் நிற்காது, ஆணி பிய்ந்து வந்துவிடும்.

இப்படி அடித்த சுவர் சோதனைக்கூடத்தில் 50 டெசிபல் அளவுக்கு மறிக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம், வீட்டில் அடிக்கும்போது அதில் ஐந்து டெசிபலாவது குறையும். வழக்கமான பேச்சு ஒரு மீற்றர் தூரத்தில் 60 டெசிபல் அளவில் இருக்கும். 45 கழிந்தால் அந்தப் பக்கம் மிஞ்சுவது 15, மின்விசிறி ஓடுகிற இடத்தில் அது காதில் ஏறாது. ஒவ்வொரு பக்கமும் ஒற்றைத் தகடு அடித்து உள்ளே ஒன்றும் வைக்காத சுவர் 35க்குக் கிட்டத்தான் தரும். உரத்துக் கதைத்தால் முணுமுணுப்பாகக் கேட்கும்.

இந்தக் கணக்கெல்லாம் ஓட்டை இல்லாத சுவருக்குத்தான். எவ்வளவு நெருக்கமாகக் கிடுகு வேலி கட்டினாலும் ஒரு பொட்டு, ஒரு சின்ன ஓட்டை, இருந்தால் நாய் அதாலேதான் வரும், சத்தமும் அப்படித்தான். பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் முழுவதுமாகச் சேர்த்து 20 டெசிபலுக்கு மேல் மறிக்காது. கதவின் கீழ் முக்கால் அங்குலம் இடைவெளி விட்டால் கதவுப் பரப்பில் ஏறத்தாழ அந்த நூற்றில் ஒன்று வந்துவிடும். நாம் எல்லோரும் கதவுக்குக் கீழே அவ்வளவு விடுகிறோம், கால்மிதி இழுபடக் கூடாதென்று.

அதனால் கதவில்தான் அவர்கள் அதிக நேரம் நின்றார்கள். உள்ளே வெறுமையான மலிவுக் கதவு வேண்டாம், பாரமான கதவு போடுங்கோ என்றார் அண்ணை. நிலையைச் சுற்றி மூன்று பக்கமும் றப்பர்ப் பட்டி. கீழ்ப்பக்கத்துக்கு நிலத்தில் ஒரு சட்டம் வைத்து அதில் கதவை முட்டவிடுவதுதான் மலிவான வழி. நான் மறுத்தேன். செயற்கைக் கால் போட்டவர்கள் என்னிடம் வருகிறார்கள், சக்கர நாற்காலியிலும் வருகிறார்கள், அவர்களுக்கு அந்தச் சட்டம் தடக்கும். அண்ணை ஒன்றும் முணுமுணுக்கவில்லை. கதவை மூடும்போது அடியிலிருந்து தானாக இறங்கி நிலத்தில் அமர்கிற றப்பர் ஒன்று இருக்கிறது, கொழும்பிலிருந்து எடுப்பித்தார். விலைதான், ஆனால் திறக்கும்போது நிலம் மட்டமாக இருக்கிறது.

இன்னொரு விடயத்தை அவரோடு நெடுநேரம் கதைத்தேன். பேச்சு வெளியே போகாத அறை என்றால் ஆள் மாட்டிக்கொண்ட அறை மாதிரியும் ஆகிவிடலாம். கதவு பூட்டுகிற சத்தத்துக்கே உடம்பு விறைக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். அவர்களை நான்கு பக்கமும் அடைத்த இடத்தில் இருத்தி மனதைத் திறக்கச் சொல்ல முடியாது. ஆகவே வெளியிலிருந்து பூட்ட முடியாத பூட்டு, உள்ளிருந்து கைப்பிடியை அமத்தினால் உடனே திறக்கும், திறப்பு தேவையில்லை. கதவில் ஒரு ஒடுக்கமான கண்ணாடிப் பட்டை, இரண்டு கண்ணாடி இடைவெளி விட்டு, வெளிப்பக்கம் பனிமூட்டக் கண்ணாடி. ஆள் இருப்பது நிழலாகத் தெரியும், முகம் தெரியாது. வெளிச்சுவரில் இருந்த பழைய சன்னலை அப்படியே விட்டோம். வருகிறவரின் கதிரையிலிருந்து பார்த்தால் வளவில் நிற்கிற கறிவேப்பிலை மரம் தெரியும், கதவும் தெரியும். கதிரையை எங்கே போடப்போகிறேன் என்று அண்ணை முதலே கேட்டு, அதற்கேற்றாற்போல் கதவின் இடத்தை ஓரடி நகர்த்தினார். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. “வாறவையின்ரை கண் வாசலிலை இருக்கோணும், அப்பத்தான் நெஞ்சு பதறாது” என்றார். எங்கே படித்தார் என்று நான் கேட்கவில்லை.

காற்றுக்கு என்ன செய்வது? சன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் கிணற்றடியில் நிற்கிற அயலட்டைக்குப் பேச்சு கேட்கும். கதவுக்கு மேலே ஒரு பெட்டி அடித்து, அதற்குள் வழியை வளைத்து வளைத்து விட்டு, உட்சுவரில் கிளாஸ் வூல் ஒட்டித் துணியால் மூடினார்கள். காற்று வளைந்து போகும், சத்தம் ஒவ்வொரு வளைவிலும் பஞ்சில் அமுங்கும். கூடவே ஒரு சின்ன விசிறி. பேச்சு மறிபடுகிறது, காற்று வருவது ஓரளவுதான். வைகாசி மத்தியானங்களில் இன்னும் வெக்கைதான், அதை மறைக்க மாட்டேன். குளிரூட்டி பூட்ட எனக்கு இப்போது வசதியில்லை.

பரிசோதித்துப் பார்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. இருட்டிய பிறகு உள்ளே மின்குமிழைப் போட்டு, வெளியே எல்லாவற்றையும் அணைத்தார்கள். வெளிச்சம் வருகிற இடமெல்லாம் சத்தமும் வரும். பழைய சுண்ணாம்புச் சுவரோடு புதுச் சுவர் சேருகிற மூலையில், நெஞ்சளவு உயரத்தில், நூல் மாதிரி ஒரு கீற்று தெரிந்தது. பழைய சுவர் நேராக இல்லை, சனல் அதில் முழுதாக ஒட்டவில்லை. சும்மா பசையை அப்பிவிடாமல், அந்த இடத்தில் பொடிந்திருந்த சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்து, துடைத்து, பிறகு நிரப்பினார்கள். பொடியின்மேல் பூசினால் கழன்றுவிடுமாம். அதற்குப் பிறகு ஒரு தம்பி உள்ளே இருந்து அன்றைய பேப்பரை உரத்து வாசிக்க, நான் வெளியே கொப்பியும் பேனையுமாக இருந்து கேட்கிற சொற்களை எழுதப் பார்த்தேன். என் அறையில் ஒன்றும் எழுத முடியவில்லை. தோழியின் அறையில் இரண்டு மூன்று சொல் விழுந்தது. அண்ணை சுவரோடு காதை வைத்துக்கொண்டே நடந்து, மூடிக்கு மேலே வயர்க் குழாய் போகிற துளையைக் கண்டுபிடித்தார். அதை அடைத்த பிறகு சரி.

காத்திருக்கிற துண்டில் ஒரு மேசை விசிறியை ஓடவிடச் சொன்னதும் அவர்தான். மிச்சம் ஏதாவது வந்தாலும் அந்த இரைச்சலில் கலந்துவிடும். அறைக்குள் வெறும் மாபிள் நிலம், அதனால் குரல் மணி மாதிரி அடித்தது. பாயும் தடித்த திரைச்சீலையும் போட்டபின் அடங்கிவிட்டது.

இனி குறைகள். முதலாவது சுணக்கம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை வாகனத்துக்கு மூடிவிடுவார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். திருவிழாவுக்கு முன் தகடுகளைக் கொண்டுவந்து இறக்குகிறோம் என்றவர்கள் இறக்கவில்லை. கொடி ஏறிய பிறகு லொறி வர வழியில்லை. சுற்றுப்பாதையால் லான்ட்மாஸ்டரில் (சின்ன உழவு இயந்திரப் பெட்டியில்) கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்தார்கள், இடையில் தேர், தீர்த்தம் என்று வேலையாட்களும் நின்றுவிட்டார்கள். கோயிலுக்குப் போகிற ஆளை நான் மறிக்க மாட்டேன். ஆனால் திகதி சொல்லும்போது பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அந்தக் காலம் முழுக்க எனக்கு வாடகை போனது, வருகிறவர்களைப் பார்க்க இடமில்லை.

இரண்டாவது கதவு நிலை. குளியலறைப் பக்கம் வருகிற தோழியின் அறைக் கதவுக்கு மட்டும், மரம் கிடைக்கவில்லை என்று, மரநாரை அமத்திச் செய்த எம்.டி.எஃப். நிலையைப் போட்டுவிட்டார்கள். எனக்குச் சொல்லவில்லை. மேலே வெள்ளைப் பெயின்ற் அடித்திருந்ததால் தெரியவும் இல்லை. கார்த்திகை மழைக்கு நிலையின் அடிப்பகுதி பிட்டு மாதிரி ஊதி, கதவு இறுகி, றப்பர் விலகி, பேச்சு வெளியே கேட்கத் தொடங்கியது. பிள்ளைகள் வந்து கதைக்கிற அறை அது. எனக்குக் கோபம் வந்தது, வெளிப்படையாகவே சொன்னேன். அண்ணை வந்து பார்த்துவிட்டு மறுபேச்சுப் பேசவில்லை. முழு நிலையையும் கழற்றி வேப்பமரத்தில் மாற்றித் தந்தார், காசு கேட்கவில்லை. ஆனால் மழை விடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவரை தோழி அந்த அறையைப் பாவிக்கவில்லை. சொல்லாமல் பொருளை மாற்றியது பிழை. அந்த ஒரு விடயத்தில் நான் இன்னும் சமாதானமாகவில்லை.

விலையை ரூபாயில் எழுதிப் பயனில்லை, 2022க்குப் பிறகு பொருள் விலை ஏறி இறங்குகிற விதத்தில் நான் கொடுத்தது உங்களுக்குப் பொருந்தாது. கண்ணாடியும் அலுமினியமும் வைத்துக் கேட்ட விலையைவிட இது தெளிவாகக் கூட. கதவுகளும் அவற்றின் றப்பரும் மட்டுமே மொத்தத்தில் கால்வாசிக்குக் கிட்ட எடுத்தன. காசைக் குறைக்க வேண்டுமென்றால் பெயின்றிலும் அலங்காரத்திலும் குறையுங்கள், கதவில் கை வைக்க வேண்டாம். முற்பணம் பாதி கேட்பார்கள். மீதியில் ஒரு பகுதியை முதல் மழைவரை வைத்திருக்கச் சம்மதிக்கிறார், அதைக் கடிதத்தில் எழுதுவியுங்கள். நிலைக்கு என்ன மரம் என்பதையும் சேர்த்து எழுதுவியுங்கள்.

ரியூசன் வகுப்பைப் பிரிப்பதற்கோ, தையல் கடையில் உடுப்பு மாற்ற இடம் விடுவதற்கோ இந்தப் பட்டறை தேவையில்லை. பக்கத்தில் இருக்கிற எந்த ஓடாவியாரும் அதைச் செய்வார், மலிவாகவும் முடியும். வைத்தியர், சட்டத்தரணி, என்னைப் போல உளவளத்துணை செய்கிறவர், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களோடு வேலை செய்கிற அமைப்புகள், இவர்கள் ஒரு தடவை போய்க் கதைத்துப் பாருங்கள். ஒரு மேசையைச் சுற்றித் திரைச்சீலை இழுத்துவிட்டு ‘தனியிடம் இருக்கிறது’ என்று சொல்கிற நிலையங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்தத் திரைக்கு முன்னால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

ஒழுங்கை முகப்பில் அலுமினிய நீளங்கள் மதிலில் சாத்தியிருக்கும், அதுதான் அடையாளம். அண்ணை பகலில் வேலை நடக்கிற இடங்களில் நிற்பார், பின்னேரம் மங்குகிற நேரத்தில் போனால் பிடிக்கலாம். போகும்போது இடத்தின் நீள அகலத்தோடு, ஓட்டுக் கூரையா சிலாப்பா, இருக்கிற சீலிங் எதனால் ஆனது, பக்கத்தில் குளியலறை வருகிறதா என்பவற்றையும் குறித்துக்கொண்டு போங்கள். எப்படியும் அவர் நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார்.